கூரை நமது, மண் யாருடையது? தஞ்சை வயல்நாட்டில் குடிமனையின் வரலாறு



வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் வீடு. வெண்மணி மேடைகளில் கூலியைப் பற்றிப் பேசுகிறோம், செங்கொடியைப் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியவைதான். ஆனால் 1968 டிசம்பர் 25 இரவு அந்தப் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் உயிர் தப்ப ஓடி நுழைந்தது தங்கள் தெருவிலேயே இருந்த ஒரு சின்னக் குடிசைக்குள். வேறு எந்தத் தெருவிலும் அவர்களுக்கு நுழைய ஒரு வாசல் இல்லை. அந்த ஒற்றை வாசலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

வரலாற்றுக்குப் போகுமுன் எங்கள் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சை நகரில் வாடகைக்கு வீடு தேடினோம். 'வாடகைக்கு' என்று பலகை தொங்கிய ஒரு மாடி வீடு. அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். தண்ணீர் கொடுத்தார். வாடகை, முன்பணம் எல்லாம் பேசி முடித்தோம். பிறகு, "எந்த ஊருப்பா?" என்றார். சொன்னோம். "அந்த ஊர் தெரியுமே. ஊருல எந்தத் தெரு? ரோட்டு மேலயா, வயலுக்கு அந்தாண்ட உள்ள போகணுமா?" உள்ளே போகணும் என்றோம். "சார் வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றார். மூன்று வாரம் கழித்து அந்த வழியாகப் போனபோதும் பலகை அப்படியேதான் தொங்கியது.

அவர் சாதி கேட்கவில்லை, தெருவைக் கேட்டார். காவிரிப் படுகையில் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அது எப்படி ஒரே பதில் ஆயிற்று என்பதே நாம் விசாரிக்க வேண்டிய வரலாறு.

கல்லில் வெட்டிய சேரி

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சுற்றுலா போகிறோம். விமானத்தின் உயரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். கீழே சுவரில் இருக்கும் கணக்கைப் படிப்பதில்லை. கோயிலுக்கு இராசராசன் விட்ட ஊர்கள் அந்தச் சுவரில் அளந்து எழுதப்பட்டுள்ளன. ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதிலிருந்து வரி இல்லாத பகுதிகளைக் கழிக்கிறார்கள். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று பட்டியல் போகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அந்தக் கல்வெட்டுகளில் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கணக்கு அது.

ஊர்நத்தம் என்றால் ஊரார் குடியிருக்கும் மனைப்பகுதி. அதற்குள் சேரி அடங்கியிருந்தால் தனியாக எழுத வேண்டியதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊர் ஒன்று, சேரி வேறொன்று என்று கோல் பிடித்து அளந்திருக்கிறார்கள். அன்று முதல் இன்று வரை எதுவுமே மாறவில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இடையில் அரசுகள் மாறின, நில உரிமை கைமாறியது, தொழில்கள் மாறின. ஆனால் ஊர்க் கணக்கில் சேரிக்குத் தனி வரி எழுதும் பழக்கம் மட்டும் நாயக்கர், மராட்டியர், வெள்ளையர் காலங்களைத் தாண்டியும் நின்றது. வெள்ளையர் காலத்து நிலக் கணக்குகளிலும் ஊர் நத்தம் ஓரிடத்திலும் சேரி நத்தம் வேறோரிடத்திலும் இருப்பதைப் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இரண்டு ஆய்வாளர்கள் தஞ்சை மாவட்டத்துக்கு வந்து ஊரில் தங்கி எழுதினார்கள். காத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை ஆய்வு செய்து, ஓர் ஊருக்குக் கும்பபேட்டை என்று புனைபெயர் வைத்தார். ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தங்கிய ஊருக்கு ஸ்ரீபுரம் என்று பெயர் வைத்தார். இருவர் வரைந்த படத்திலும் அக்கிரகாரம் ஓரிடம், குடியானவர் தெருக்கள் ஓரிடம், வயலைத் தாண்டிச் சேரி. இராசராசனின் கணக்கரிடம் அந்தப் படங்களைக் கொடுத்திருந்தால் அவர் தடுமாறாமல் படித்திருப்பார்.

சங்கிலி போய் மனை வந்தது

இந்தப் படுகையின் நிலம் வேலிக் கணக்கு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். வேலிகளை வைத்திருந்தவர் மிராசுதார். மிராசு என்பது வயலோடு நிற்கும் உரிமை அல்ல. நத்தத்திலும் தோப்பிலும் குளத்திலும் புறம்போக்கிலும் தனக்குப் பங்கு உண்டு என்று மிராசுதார் கோரினார். சேரி நிற்கும் மண்ணும் அந்தக் கோரிக்கைக்குள் வந்தது.

அந்த மண்ணில் பண்ணையாள் குடிசை போட்டார். மூங்கில் அவர் வெட்டியது, கீற்று அவர் வீட்டுப் பெண் முடைந்தது, சுவர் இருவரும் மிதித்த சேறு. கூரை பண்ணையாளுடையது, கூரை நிற்கும் மண் பண்ணையுடையது. வாசலில் தென்னை நின்றால் காய் யாருக்கு என்பதிலும் சந்தேகம் இல்லை. இந்த வீட்டை அவர் வாங்கவும் இல்லை, வாடகைக்கு எடுக்கவும் இல்லை. வாடகை என்றால் ஒரு தொகை இருக்கும், மாதம் இருக்கும், கொடுத்து முடித்தால் கணக்குத் தீரும். இங்கே வாடகையாகப் போனது குடும்பத்தின் உழைப்பு. ஆண் ஏர் ஓட்ட, பெண் நடவு நட, பிள்ளை மாடு மேய்க்க வேண்டும். அந்தக் கணக்கு தலைமுறை தாண்டியும் தீராது.

1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் இந்தியாவில் அடிமை முறைக்கு நீதிமன்றத்தின் ஆதரவை நீக்கியது. ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தா என்று இனி வழக்குப் போட முடியாது. அப்படியானால் தஞ்சை வயல்களில் ஆள் ஏன் தங்கினார்? கல்யாணத்துக்கு வாங்கிய கடன் ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம் மனை. கூலி கூடக் கேட்டாலோ, வேறு பண்ணைக்குப் போனாலோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலோ, "என் மனையை விட்டு எழுந்திரு" என்று ஒரு வார்த்தை போதும். எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்: "அடிய வாங்கிக்கலாம். கூரையப் பிரிச்சுட்டா புள்ளைகள எங்க படுக்க வைக்கிறது?"

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர்களும், இலங்கைத் தோட்டத்துக்கு நடந்தவர்களும் கூலிக்காக மட்டும் போகவில்லை. அங்கே லயத்து வீட்டிலும் விடுதலை இல்லைதான். ஆனாலும் பிறந்த மண்ணில் தன் பேரில் ஒரு குழி இடம் இல்லாதவருக்கு, ஊரை விட்டுப் போவதில் இழக்க என்ன இருந்தது?

விலை கொடுத்து வாங்கிய மனை

மனைதான் விலங்கு என்பதை அரசாங்க ஏட்டில் விரிவாக எழுதிய அதிகாரி தஞ்சைக்காரர் அல்ல. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து 1891இல் அறிக்கை தந்தார். சாகுபடி நிலத்தோடு குடிமனைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010ஆம் எண் வருவாய்த் துறை ஆணையைத்தான் பஞ்சமி நிலப் போராட்டத்தில் நாம் இன்றும் கையில் எடுக்கிறோம்.

ஆனால் தரிசு மிகுந்த மாவட்டத்துக்குப் பொருந்துவது படுகைக்குப் பொருந்தாது. தஞ்சையில் தண்ணீர் பாய்கிற இடமெல்லாம் யாரோ ஒருவருடைய வயல். சேரிக்கு மனை வேண்டுமானால் மிராசுதாரிடமிருந்து நிலம் எடுத்தே ஆக வேண்டும். 1920இல் தொழிலாளர் ஆணையர் பதவி உருவானது. ஒடுக்கப்பட்டோருக்கு மனை தேடித் தருவது அந்தத் துறையின் முக்கிய வேலைகளில் ஒன்று. நிலமெடுப்புச் சட்டப்படி நிலம் எடுத்து, கூட்டுறவுச் சங்கம் வைத்து, மனையின் விலையை ஆண்டுத் தவணைகளாக வசூலித்தார்கள். காவிரிப் படுகை இந்தத் திட்டத்தின் முக்கியக் களம். எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் போன்றோர் சட்டமன்றத்தில் நம் மக்களுக்காகப் பேசிய காலம் அது.

இதை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். "அரசாங்கம் இலவசமாக் கொடுத்த காலனி" என்று ஊர்த்தெருவில் இன்றும் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளும் அதை நம்புகிறார்கள். தொழிலாளர் துறைக் காலத்தில் மனை பெற்ற நம் முன்னோர் அதற்கு விலை கொடுத்தார்கள். அறுப்புக் கூலியில் மிச்சம் பிடித்துத் தவணை கட்டினார்கள். பல தலைமுறை உழைத்துத் தந்த மண்ணுக்கு, மறுபடியும் காசு கொடுத்தார்கள். அந்தச் சங்கத்து ரசீது எந்த வீட்டு மூங்கில் பெட்டியிலாவது இருந்தால், எந்தச் செப்பேட்டுக்கும் குறையாத ஆவணம் அது.

வாங்கிய மனை எங்கே இருந்தது? பெரும்பாலும் பள்ளத்தில், வாய்க்கால் ஓரத்தில், சுடுகாட்டுப் பக்கத்தில். நல்ல மேட்டு நிலம் விலைக்கு வராது. வந்தாலும் தெருவுக்குப் பாதை வராது. மழைக்காலத்தில் வரப்பில் பிணம் சுமந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

கூலியில் தொடங்கி மனையில் முடிந்த போராட்டம்

1943இல் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்தார். தென்பரையில் விவசாயிகள் சங்கம் கொடி ஏற்றியது. சாட்டையடியும் சாணிப்பாலும் கூடாது என்று 1944இல் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. 1948இல் மாயவரம் ஒப்பந்தம் கூலியைப் பேசியது. அதே ஆண்டு களப்பால் குப்பு சிறையில் உயிர் விட்டார். இந்த வரிசையை நாம் அறிவோம். இந்த ஒவ்வொரு படியிலும் மிராசுதாரின் மறுமொழி ஒன்றாகவே இருந்தது: மனையைக் காலி செய்.

1952இல் இராஜாஜி அமைச்சரவை தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காரணமில்லாமல் பண்ணையாளை நீக்கக் கூடாது என்றது. ஓர் ஊரில் ஒரு வேலிக்குள் வைத்திருப்பவருக்கு விலக்கும் தந்தது. நடந்தது என்ன? பண்ணையாள் என்ற பெயரையே மிராசுதார்கள் கைவிட்டார்கள். ஆள் தினக்கூலி ஆனார். சட்டம் பண்ணையாளைத்தான் காக்கும், தினக்கூலியைக் காக்காது. வேலை உறவு அறுந்தது, ஆனால் குடிசை நின்றது பழைய முதலாளியின் மண்ணில். வேலை தர வேண்டிய கடமை அவருக்கு இல்லை, விரட்டும் உரிமை மட்டும் இருந்தது.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1961இல் குடியிருப்போரை வெளியேற்றாமல் காக்கும் சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'குடியிருப்பு' என்ற நம் சொல் இருக்கிறது. வாடகை வீடு என்றோ சொந்த வீடு என்றோ எழுத முடியாத ஓர் உறவுக்கு ஆங்கிலத்தில் பெயர் கிடைக்கவில்லை போலும். காப்பாற்றியதே தவிர, இந்தச் சட்டம் மனையைச் சொந்தமாக்கவில்லை. மண் இன்னும் மிராசுதார் பேரில்தான்.

பிறகு 1968. கூலி உயர்வு கேட்ட, செங்கொடியை இறக்க மறுத்த ஒரு சேரியின் மேல் தீ வந்தது. 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் தண்டித்தவர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. நீதி கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சாம்பல் ஆட்சியாளர்களைச் சும்மா விடவில்லை. கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது, 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது, 1971இல் குடியிருப்பு மனைகளை உடைமையாக்கும் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பிறர் மண்ணில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்றது சட்டம். கூரைக்கும் மண்ணுக்கும் ஒரே பேர் எழுத வழி பிறந்தது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசுக்கு உரிய பாராட்டைக் கொடுப்போம். ஆனால் அதை வாங்கித் தந்தவர்கள் பட்டியலில் முதல் 44 பெயர்கள் யாருடையவை என்பதை மறக்க மாட்டோம்.

1978இல் ஆதி திராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டம் வந்தது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு வீட்டு மனையை எதிர்த்து அவ்வளவு தூரம் போக ஆள் இருந்தார்கள் என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பரோடாவில் ஒரு வீடு

இவ்வளவும் கிராமத்துக் கதை, நகரத்துக்குப் போனால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு அண்ணல் அம்பேத்கரின் அனுபவத்தைச் சொல்கிறோம். 1917இல், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, பரோடா அரசில் வேலை பார்க்கப் போனார். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். வேறு எங்கும் இடம் கிடைக்காமல் ஒரு பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்திருந்து, இரவு பம்பாய் ரயில் ஏறினார். 1947இல் அவர் அரசமைப்புக்கான தம் திட்டத்தில், தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குடியிருப்புகள் அமைக்க ஒரு குடியேற்ற ஆணையம் வேண்டும் என்று எழுதினார். பிறர் மண்ணில் குடியிருக்கும்வரை விடுதலை இல்லை என்பதைப் பூங்காவிலும் கிராமத்திலும் ஒருசேரக் கண்டவரின் கோரிக்கை அது.

வெண்மணி எரிந்த அதே 1968இல், ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள் அமெரிக்காவில் நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. நிறத்தைச் சொல்லி வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ மறுப்பது குற்றம் என்றது. அங்கே கறுப்பின மக்களின் வீட்டுத் துயரம் அதோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் மறுக்கப்பட்டவர் போய்ச் சொல்ல ஒரு சட்டம் இருக்கிறது. இங்கே? 2017இல் இயற்றிய தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. சாதி பார்த்து வீடு மறுப்பவரைத் தடுக்க அதில் வழியில்லை. ஒரு மதத்தவருக்கு மட்டும் என்று வைத்த வீட்டுக் கூட்டுறவுச் சங்க விதியை உச்ச நீதிமன்றம் 2005இல் செல்லும் என்றது. 'சைவம் மட்டும்' என்ற பலகைக்கு முன் நிற்கும் நம் பிள்ளைக்கு எந்தப் பிரிவைக் காட்டுவது?

மாற்று முயற்சி நடக்காமல் இல்லை. 1998 முதல் தொடங்கிய பெரியார் நினைவுச் சமத்துவபுரங்களில் நூறு வீட்டில் நாற்பது ஆதி திராவிடருக்கு, மற்றவை பிற சாதியினருக்கு என்று கலந்து கொடுத்தார்கள். ஒரே தெரு, ஒரே அளவு வீடு. 'எந்தத் தெரு' என்ற கேள்வியைச் செல்லாததாக்கும் சிந்தனை அது. ஆனால் அதைப் புது ஊரில்தான் செய்ய முடிந்தது. பழைய ஊரின் வரைபடத்தில் கை வைக்க இதுவரை எவருக்கும் துணிவு வரவில்லை. 2025இல் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். சொல்லை நீக்கலாம், ஆனால் வயலுக்கு அந்தாண்ட இருக்கும் தெரு அங்கேயேதான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

சட்டங்கள் மனையைத் தந்த பிறகு ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது. தாத்தா பேரில் இருந்த மனையில் இன்று மூன்று பேரன்களின் குடும்பங்கள். பட்டாவில் இறந்தவர் பெயர். அரசு வீட்டுத் திட்டத்துக்கு மனு போட்டால் முதலில் கேட்பது பட்டா. வாய்க்கால் புறம்போக்கிலும் கோயில் மனையிலும் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியபோது எந்த வீடுகள் முதலில் தரையோடு போயின என்று நமக்குத் தெரியும். கூரை போனால் கட்டிக்கொள்ளலாம். மண்ணுக்குக் காகிதம் இல்லாதவர் எங்கே கட்டுவது?

எனவே இந்த அரங்கை விட்டுப் போகும் மாணவர்களிடம் சில வேலைகளை ஒப்படைக்கிறோம். உங்கள் தெருவின் வரைபடத்தை நீங்களே வரையுங்கள். ஒவ்வொரு மனையும் யார் பேரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பார்த்து எழுதுங்கள். இறந்தவர் பேரில் இருப்பதை வாரிசுகள் பேருக்கு, குறிப்பாகப் பெண்கள் பேருக்கு மாற்ற மனுப் போடுங்கள். 1971 சட்டம் தீண்டாமல் விட்ட மனைகளைப் பட்டியலிடுங்கள். தவணை கட்டிய ரசீது, பட்டா, வழக்குத் தாள் எது கிடைத்தாலும் படியெடுத்து வையுங்கள். பாட்டிகள் இருக்கும்போதே, யார் மனையில் குடியிருந்தோம், எப்போது எழுப்பப்பட்டோம் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். நகரத்தில் வீடு மறுக்கப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நாளும் இடமும் கேட்ட கேள்வியும் எழுதி வையுங்கள். வாடகை மறுப்புக்கு எதிரான சட்டம் கேட்டுப் போராடும் நாளில் அவையே நம் சான்று.

எங்களுக்கும் பிறகு ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்கவில்லை. நாங்களே தெருவைச் சொன்னோம். சாவியைக் கொடுத்தார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரின் நல்ல மனதை நம்பிக் குடியிருப்பது பழைய பண்ணை மனையில் குடியிருப்பதற்குச் சமம். நாம் கேட்பது மனம் இரங்கிக் கொடுக்கும் சாவியை அல்ல. வெண்மணியில் அந்த 44 பேருக்கு இல்லாமல் போன இன்னொரு வாசலை, எந்தத் தெருவிலும் உரிமையோடு தட்டித் திறக்கக்கூடிய வாசலை, கேட்கிறோம்.